மென்பொருள் ஏகபோகம் என்றாவது முடிவுக்கு வருமா?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பல, சந்தையை ஆளும் மென்பொருள் நிறுவனங்களின் எதிர்காலம் பற்றியவை. அவற்றை ஒரே வரிசையில் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் என்ற ஒரே நிறுவனத்தின் இயங்குதளமும் அலுவலக மென்பொருளும் பல பத்தாண்டுகளாக உலகெங்கும் கோலோச்சுவதைப் பார்த்தால், இந்த ஆதிக்கத்தை யாராலும் அசைக்க முடியாது என்றே தோன்றுகிறது. இவ்வளவு உயரத்தை எட்டிய ஒரு நிறுவனம் தன் ஏகபோகத்தை இழந்ததற்கு முன்னுதாரணம் உண்டா?

பதில்: உண்டு. கணினித் துறையின் முதல் பேரரசே அப்படித்தான் சரிந்தது. 1960களில் கணினி என்றாலே ஐபிஎம்தான். அன்றைய அமெரிக்கக் கணினித் துறையை 'ஐபிஎம்மும் ஏழு குள்ளர்களும்' என்றே பேசிக்கொண்டார்கள். போட்டியாளர்கள் ஏழு பேர் இருந்தும் யாரும் அதன் தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. 1964இல் வெளியான சிஸ்டம் 360 வரிசையில், சிறிய கணினிக்கு எழுதிய நிரல் பெரிய கணினியிலும் ஓடும் என்பது பெரும் புதுமையாக இருந்தது. அதுவே வாடிக்கையாளர்களைக் கட்டிப்போட்ட கயிறாகவும் ஆனது. ஒரு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ தன் கணக்குகளை எல்லாம் அந்த வரிசைக்கென்று நிரலாக எழுதிவிட்ட பிறகு, அடுத்த கணினியை வேறொருவரிடம் வாங்குவதென்றால் அத்தனை நிரல்களையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. அமெரிக்க நீதித்துறை 1969 ஜனவரியில் ஐபிஎம் மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. அது 13 ஆண்டுகள் இழுத்தடித்து, 1982 ஜனவரியில் அரசாலேயே கைவிடப்பட்டது.

ஆனால் வழக்கு கைவிடப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னரே, 1981 ஆகஸ்டில், ஐபிஎம் தன் முதல் தனிநபர் கணினியை வெளியிட்டிருந்தது. சந்தைக்குச் சீக்கிரம் வர வேண்டும் என்ற அவசரத்தில், அதற்கான நுண்செயலியை இன்டெலிடமிருந்தும் இயங்குதளத்தை மைக்ரோசாஃப்டிடமிருந்தும் வாங்கிக்கொண்டது. அந்த இயங்குதளத்தை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது; அந்த ஒப்பந்தத்தின் விளைவை அன்று ஐபிஎம் உணர்ந்ததாகத் தெரியவில்லை. கணினியை உயிர்ப்பிக்கும் பயாஸ் என்ற சிறு நிரல் மட்டுமே ஐபிஎம்முக்குச் சொந்தமானதாக எஞ்சியது. காம்பாக் நிறுவனம், ஐபிஎம்மின் மூல நிரலைப் பார்க்காத பொறியாளர்களைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் பயாஸை எழுதவைத்து, 1982 நவம்பரில் முழுமையாக ஒத்துப்போகும் கணினி ஒன்றை அறிவித்தது. பிறகு வந்தவர்கள் ஏராளம். 1987இல் தனக்கே உரிய புதிய கட்டமைப்புடன் பிஎஸ்/2 கணினிகளை இறக்கி இழந்ததை மீட்க ஐபிஎம் முயன்றபோது, மற்ற உற்பத்தியாளர்கள் அதன் பின்னால் போக மறுத்து, மறு ஆண்டே தங்களுக்குள் ஒரு பொதுத் தரத்தை வகுத்துக்கொண்டார்கள். 1993இல் ஐபிஎம்முக்கு ஏற்பட்ட நஷ்டம் சுமார் 800 கோடி டாலர்.

இந்தக் கதையில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் மிகப் பெரிய கணினிகளான பெருங்கணினிகளின் சந்தையில் ஐபிஎம்மை இன்றுவரை யாரும் வீழ்த்தவில்லை. பெரிய வங்கிகள் பலவற்றின் கணக்குகள் இப்போதும் அதன் கணினிகளில்தான் ஓடுகின்றன. கோட்டை அப்படியே இருக்க, ஊர்தான் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. மென்பொருள் ஏகபோகங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் முடிகின்றன என்பதே என் கருத்து.

கேள்வி: ஆதிக்கத்தில் இருக்கும் மென்பொருளைவிட நல்ல ஒன்றை யாராவது உருவாக்கினால் மக்கள் தாமாகவே மாறிவிட மாட்டார்களா?

பதில்: மாட்டார்கள். ஓரளவு நன்றாக இருப்பது போதாது. இயங்குதளத்தை மக்கள் அதன் அழகுக்காக வாங்குவதில்லை. அதில் ஓடும் செயலிகளுக்காக வாங்குகிறார்கள். செயலி எழுதுபவர்களோ, மக்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் எழுதுவார்கள். இந்தச் சுழலை உடைத்துக்கொண்டு ஒரு புதியவர் உள்ளே நுழைவது மிகக் கடினம். மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 1999 நவம்பரில் எழுதிய உண்மை விவரங்களின் மையமே இந்தச் செயலித் தடைதான்.

கட்டங்களில் கணக்குப் போட உதவும் விரிதாள் மென்பொருளின் வரலாறு இதை இன்னும் தெளிவாகக் காட்டும். 1979இல் வந்த விசிகால்க் அத்துறையின் முன்னோடி. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3, ஐபிஎம் தனிநபர் கணினிக்கென்றே எழுதப்பட்டதால் அதை ஓரங்கட்டியது. பின்னர் மைக்ரோசாஃப்டின் எக்செல், லோட்டஸை ஓரங்கட்டியது. அதற்காக எக்செல் எவ்வளவு தூரம் இறங்கிவந்தது என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸ் கணினியில் எக்செலைத் திறந்து, ஒரு கட்டத்தில் 60 என்று தட்டி, அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் நாட்காட்டியில் இருந்ததே இல்லை, ஏனென்றால் 1900 லீப் ஆண்டு அன்று. லோட்டஸில் இருந்த பிழை அது. லோட்டஸில் உருவாக்கிய கோப்புகளைக் கொண்டுவருபவர்களின் தேதிக் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகக் கூடாது என்பதற்காக, எக்செல் அந்தப் பிழையையும் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. அதே எக்செலில் சாய்கோட்டு (/) விசையை அழுத்தினால் மேலே உள்ள பட்டைக் கட்டளைகள் விசைப்பலகைக்குத் திறந்துகொள்ளும். அதுவும் லோட்டஸ் பயனர்களின் விரல் பழக்கத்துக்குச் செய்துகொடுத்த வசதிதான். பழைய கோப்புகளும் பழைய பழக்கமும் சேதமின்றிக் கூடவே வரும் என்ற உறுதி கிடைத்தால்தான் மக்கள் நகர்வார்கள்.

இந்த உறுதிகூடத் தனியாகப் போதுமானதாக இருந்திருக்காது. 1990இல் விண்டோஸ் 3.0 வெளிவந்து, எல்லோரும் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளை வரியிலிருந்து சாளரங்களுக்கு மாறிய அந்தத் தருணத்தில் லோட்டஸ் தயாராக இல்லை. ஓஎஸ்/2 என்ற வேறொரு இயங்குதளத்தை நம்பிக் காத்திருந்த அந்நிறுவனத்தின் விண்டோஸ் பதிப்பு 1991இல்தான் வந்தது. ஆவணச் செயலிகளில் முதலிடத்தில் இருந்த வேர்ட்பெர்ஃபெக்டின் விண்டோஸ் பதிப்பும் அதே ஆண்டில்தான் வந்தது. தளம் மாறும் அந்த ஓரிரண்டு ஆண்டுகளில் யார் தூங்கினார்களோ அவர்கள் இடத்தை இழந்தார்கள்.

கேள்வி: அந்தத் தருணத்தில் வென்ற மைக்ரோசாஃப்ட் இன்றும் மேசைக் கணினிகளில் பெரும்பான்மையாகத்தானே இருக்கிறது? அதன் ஏகபோகம் எங்கே முடிந்தது?

பதில்: பங்கை மட்டும் கணக்கிட்டால் முடியவில்லை. அதிகாரத்தைக் கணக்கிட்டால், பெருமளவு முடிந்துவிட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

1990களின் பிற்பகுதியில் ஒரு மென்பொருளைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்க்க விரும்பியவர் எவராயினும் விண்டோஸின் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்தக் கதவைச் சுற்றிப் போக ஒரு வழி இருக்கிறது என்று முதலில் காட்டியது நெட்ஸ்கேப் உலாவி. உலாவிக்குள்ளேயே செயலிகள் ஓடத் தொடங்கினால், அடியில் எந்த இயங்குதளம் இருக்கிறது என்பது யாருக்கும் பொருட்டாக இராது. இந்த ஆபத்தை மைக்ரோசாஃப்ட் மிகச் சரியாகப் புரிந்துகொண்டது. 1995 மே மாதத்தில் பில் கேட்ஸ் தன் நிர்வாகிகளுக்கு அனுப்பிய குறிப்பு, இணையத்தைப் பேரலை என்றே வர்ணித்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் விண்டோஸுடன் இலவசமாகச் சேர்க்கப்பட்டது. அதன் சின்னத்தைத் தன் கணினிகளின் திரையிலிருந்து நீக்கிய காம்பாக்குக்கு, விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வதாக எச்சரிக்கை போனது. நெட்ஸ்கேப் தோற்றது. 2000களின் தொடக்கத்தில், உலாவிப் பயன்பாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எக்ஸ்புளோரரின் கையில் இருந்தது.

வென்றவர் அதன்பின் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். ஆறாம் பதிப்பு வெளியானது 2001இல். ஏழாம் பதிப்பு வந்தது 2006இல். போட்டியாளர் இல்லாத சந்தையில் ஐந்து ஆண்டுகள் அந்த உலாவி ஏறக்குறைய அப்படியே கிடந்தது. அந்த ஐந்தாண்டுத் தேக்கம்தான் ஏகபோகம் பயனர்களிடமிருந்து பறித்த உண்மையான விலை என்று நான் நினைக்கிறேன். பணத்தில் அந்த விலை தெரியாது, ஏனெனில் உலாவி இலவசமாகத்தான் கிடைத்தது. பாதுகாப்புக் குறைபாடுகளுடனும், இணையத் தரங்களுக்கு ஒத்துப்போகாத அதன் போக்கைச் சமாளிக்கவே தனி நிரல் எழுத வேண்டிய நிலையிலும், உலகம் அந்தக் காலத்தைக் கழித்தது.

அந்தத் தேக்கத்தின் நடுவில்தான் மாற்று வந்தது. தோற்றுக்கொண்டிருந்த நெட்ஸ்கேப் 1998இல் தன் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டிருந்தது. அதிலிருந்து கிளைத்த முயற்சியில் உருவான ஃபயர்பாக்ஸின் முதல் பதிப்பு 2004 நவம்பரில் வெளியானது. 2008இல் கூகுள் குரோம் வந்தது. 2012இல் இணையப் பயன்பாட்டைக் கணக்கிடும் ஸ்டாட்கவுன்டரின் கணக்குப்படி குரோம் எக்ஸ்புளோரரை முந்தியது. 2020இல் மைக்ரோசாஃப்டே தன் புதிய எட்ஜ் உலாவியை, குரோமுக்கு அடித்தளமான குரோமியத்தின் மீது கட்டி வெளியிட்டது. 2022 ஜூனில் எக்ஸ்புளோரருக்கு விடைகொடுத்தது.

இதற்கிடையில் 2007இல் ஐஃபோனும், மறு ஆண்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் வந்துவிட்டன. கணினியையே தொட்டிராத கோடிக்கணக்கானோருக்கு முதல் கணினி கைப்பேசியாகவே அமைந்தது. அந்தக் களத்தில் நுழைவதற்காக நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை 2014இல் வாங்கி முடித்த மைக்ரோசாஃப்ட், அடுத்த ஆண்டே 760 கோடி டாலரை இழப்பாக எழுதித் தள்ள வேண்டியிருந்தது. செயலிகள் இல்லாததால் பயனர்கள் வரவில்லை. பயனர்கள் இல்லாததால் செயலிகள் வரவில்லை. தான் மற்றவர்களுக்கு எதிராக எழுப்பிய அதே தடைச்சுவரில் இம்முறை அந்த நிறுவனமே மோதிக்கொண்டது. ஆயினும் அது ஏழையாகிவிடவில்லை. இணையம் வழியே கணினி வசதிகளை வாடகைக்கு விடும் மேகக் கணிமையால் முன்பைவிடப் பெரிய நிறுவனமாகவே வளர்ந்திருக்கிறது. ஏகபோகத்தை இழப்பதும் அழிந்துபோவதும் ஒன்று என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள், அப்படியன்று.

கேள்வி: இதில் நீதிமன்றங்களின் பங்கு என்ன? வழக்குகளால் உண்மையில் ஏதாவது மாறியதா, அல்லது சந்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதா?

பதில்: சந்தையே பார்த்துக்கொண்டது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 1998 மே மாதம் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் வழக்கில், நிறுவனத்தை இரண்டாகப் பிளக்க வேண்டும் என்று 2000 ஜூனில் தீர்ப்பானது. ஓராண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிளக்கும் உத்தரவை ரத்து செய்தது. ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகத் தக்கவைத்துக்கொண்டது என்ற முடிவை மட்டும் உறுதிசெய்தது. பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டின் கீழ், கணினி உற்பத்தியாளர்களைப் பழிவாங்கக் கூடாது என்றும், விண்டோஸுடன் பிறர் மென்பொருள்கள் பேசத் தேவையான தொழில்நுட்ப விவரங்களை வெளியிட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அந்தக் கண்காணிப்பு 2011 வரை நீடித்தது.

கேட்பதற்கு இது சிறிய தண்டனையாகத் தோன்றும். ஆனால் கூகுள் ஒரு சிறு நிறுவனமாகப் பிறந்து வளர்ந்த ஆண்டுகள் எவை என்று பாருங்கள். அந்த ஆண்டுகளில்தான் மைக்ரோசாஃப்ட் ஒவ்வோர் அடியையும் வழக்கறிஞர்களைக் கேட்டு எடுத்துவைக்க வேண்டியிருந்தது. காம்பாக்குக்குக் காட்டிய கடுமையை, உலாவியின் வழியே வரும் ஒரு புதிய தேடுபொறியின் மீது காட்ட அதற்குத் துணிவு இருந்திருக்காது. 2019இல் ஒரு மேடையில் பில் கேட்ஸே, அந்த வழக்கு தன் கவனத்தைச் சிதறடித்திருக்காவிட்டால் இன்று உலகம் ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக விண்டோஸ் கைப்பேசியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் என்ற பொருள்படப் பேசினார். தோற்றவர் தன் தோல்விக்குச் சொல்லும் காரணம் என்று இதைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட வேண்டும். இருந்தாலும், ஆதிக்க நிறுவனத்தின் கை ஒரு கணம் தயங்கினாலே புதியவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் அரிது.

சட்டத்தின் பலவீனம் அதன் காலதாமதம். உலாவியைத் தேர்ந்தெடுக்கும் திரையைப் பயனர்களுக்குக் காட்டுவதாக 2009இல் ஐரோப்பிய ஆணையத்துக்கு மைக்ரோசாஃப்ட் வாக்குறுதி கொடுத்திருந்தது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை அந்தத் திரை சுமார் ஒன்றரைக் கோடிப் பயனர்களுக்குத் தோன்றவே இல்லை. அதற்காக 2013 மார்ச்சில் 56.1 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டபோது, எக்ஸ்புளோரரைக் குரோம் ஏற்கெனவே முந்தியிருந்தது.

கேள்வி: லினக்ஸ் இலவசமாகக் கிடைத்தும் விண்டோஸை ஏன் வீழ்த்தவில்லை?

பதில்: மேசையில் வீழ்த்தவில்லை, மற்ற எல்லா இடத்திலும் வென்றுவிட்டது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்தக் கருநிரல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, இன்று இணையத்தளங்களை இயக்கும் வழங்கிகளிலும் ஒவ்வோர் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் இருக்கிறது. உலகின் அதிவேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் லினக்ஸ் மட்டுமே இருக்கிறது. மேசையில் அது தடுமாறியதற்குக் காரணம் முன்பே சொன்னதுதான்: செயலிகளும் கோப்புகளும் பழக்கமும் எதிர்ப்பக்கத்தில் இருந்தன.

கேள்வி: மைக்ரோசாஃப்டின் இடத்தில் இன்று கூகுள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஏகபோகம் போய் இன்னொன்று வந்ததில் நமக்கு என்ன லாபம்? இதுவும் ஒருநாள் மாறுமா?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. தளம் மாறும்போது பழைய ஆதிக்கம் கரைகிறது. புதிய தளத்தில் புதிய ஆதிக்கம் உறைகிறது. இடைப்பட்ட சில ஆண்டுகளில்தான் உண்மையான போட்டி நடக்கிறது. உலாவிகள் வேகமாக முன்னேறியதும் அந்தக் காலத்தில்தான். அந்த இடைவெளி முடிந்தவரை நீளமாக இருக்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.

கூகுளைப் பொறுத்தவரை, தேடல் சந்தையில் அது சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே இயல்பாக அமைந்திருக்க வேண்டும் என்பதற்காக, 2021ஆம் ஆண்டில் மட்டும் அது 2,630 கோடி டாலர் செலவிட்டது அந்த வழக்கில் வெளிப்பட்டது. தரத்தால் மட்டுமே ஒருவர் முதலிடத்தில் இருக்கிறார் என்றால், அந்த இடத்தைத் தக்கவைக்க இவ்வளவு பெரிய தொகை எதற்கு என்ற கேள்வி எழாமல் இராது. அதே நீதிபதி 2025 செப்டம்பரில் தீர்வுகளை அறிவித்தபோது, குரோமை விற்க வேண்டும் என்ற அரசின் கோரிக்கையை மறுத்தார். கூகுளை மட்டுமே வைக்க வேண்டும் என்ற ஒப்பந்தங்களைத் தடைசெய்து, குறிப்பிட்ட தேடல் தரவுகளைப் போட்டியாளர்களுடன் பகிரும்படி உத்தரவிட்டார். செயற்கை நுண்ணறிவின் வரவு வழக்கின் போக்கையே மாற்றிவிட்டது என்பதை அவர் மறைக்கவில்லை. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபிறகு, தேடிப் பக்கங்களைப் புரட்டுவதற்குப் பதிலாகக் கேட்டு விடைபெறும் பழக்கம் பரவுகிறது. தளம் மாறும் தருணத்துக்கு உரிய அறிகுறி இது. ஆனால் இம்முறை கூகுள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. ஐபிஎம்மின் கதையையும் லோட்டஸின் கதையையும் படித்தவர்கள்தான் இன்று அங்கே தலைமையில் இருக்கிறார்கள். ஆகவே முடிவு முன்போலவே இருக்கும் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை.

கேள்வி: ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருக்க விரும்பாத ஓர் அலுவலகம் இப்போதே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அவசரப்பட வேண்டாம். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளைப் படிப்படியாக மாற்றியது. 2017இல் மாநகர மன்றம் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், 2024இல் 30,000 கணினிகளில் முதற்கட்டமாக இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆஃபிஸுக்கு மாறுவதாக அறிவித்தது. முதலில் அலுவலக மென்பொருள், இயங்குதளம் பிறகு என்ற அந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது.

தொடங்க வேண்டிய இடம் கோப்புகள்தான். 2006இல் பன்னாட்டுத் தர அமைப்பு ஏற்ற திறந்த ஆவண வடிவத்தை எக்செலும் வேர்டும்கூடத் திறக்கவும் சேமிக்கவும் செய்யும். உங்கள் அலுவலகத்தில் அன்றாடம் புழங்கும் விரிதாள்களில் மிகச் சிக்கலான ஒன்றை எடுத்து, அந்த வடிவத்தில் சேமித்து, வேறொரு மென்பொருளில் திறந்து, கூட்டுத்தொகைகளும் தேதிகளும் அப்படியே இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். சிக்கல் பெரும்பாலும் விரிதாளுக்குள் எழுதிவைத்த சிறு நிரல்களான மேக்ரோக்களில்தான் வரும். யாரோ ஒருவர் எப்போதோ எழுதிவைத்து, இன்று எப்படி ஓடுகிறது என்று எவருக்கும் தெரியாத மேக்ரோக்கள் பல அலுவலகங்களில் உண்டு. எந்தக் கோப்பில் எது இருக்கிறது, அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்ற பட்டியலை முதலில் தயாரியுங்கள். மாறுவதா வேண்டாமா என்ற முடிவை அந்தப் பட்டியல் கைக்கு வந்தபிறகு எடுக்கலாம்.